மண்டைக்கட்டுக்கு ஒரு மாலை

செத்தவனின் படத்தை வரைந்தது நான். அதைப் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனது நான். பசை காய்ச்சியதும் நான். அதனால் வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ராயபுரத்தில் குடியிருந்தோம். சந்துக் கோடியில் ஒரு கேம் கடை. அதற்கு முன் மாவு மில்லாக இருந்த இடம். மிஷினைத் தூக்கிவிட்டு நாலு பெட்டி போட்டிருந்தார்கள். பலகையில் அடித்த பெட்டி. உள்ளே டிவி, வெளியே ஒரு ஸ்டிக், ஆறு பட்டன். சுவரில் சாய்ந்தால் மாவு கொட்டும். விளையாடிவிட்டு வெளியே வந்தால் தலை நரைத்திருக்கும். எங்கே போனாய் என்று வீட்டில் கேட்க வேண்டிய வேலையே இல்லை.

மூன்று பெட்டியில் கார், விமானம் என்று என்னென்னவோ ஓடும். நாலாவதில் சண்டை. எட்டு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருத்தரை எடுத்துக்கொண்டு எதிரில் நிற்பவனை அடித்துப் படுக்கவைக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. பேர் எல்லாம் இங்கிலீஷில் ஓடும். எங்களுக்கு அது எழுத்தாகத் தெரியாது, பூச்சி ஓடுவது போலத் தெரியும். அதனால் பேரை நாங்களே வைத்தோம். தலையில் வெள்ளைத் துணி சுற்றிய தடியன், மண்டைக்கட்டு. நீளமாக ஒரு கட்டையை வைத்துக்கொண்டு நிற்கிற பெண் ஒருத்தி. அவள் ஊரில் அது என்ன ஆயுதமோ, கடலோரத்தில் இருந்த எங்களுக்குத் துடுப்பாகத்தான் தெரிந்தது. அவள் துடுப்பக்கா.

நான் எப்போதும் மண்டைக்கட்டைத்தான் எடுப்பேன். பெரிய காரணம் இல்லை. அவனை வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். மெதுவாக நடப்பான். குதித்தால் பாதி உயரத்தில் விழுவான். அவனுக்குத் தெரிந்தது ஒரே வித்தை, தலையால் முட்டுவது. எனக்கும் அந்த ஒன்றுதான் தெரியும். பின்னால் இழு, முன்னால் தள்ளு, சிவப்புப் பட்டனை அடி. கடை மூடுகிற வரைக்கும் அதையே செய்தேன். இரண்டாவதாக ஒன்று கற்றுக்கொள்ளலாமே என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

என் கூட்டாளி எடுப்பது துடுப்பக்காவை. ஆள் ஆறடி, மீசை முளைத்தவுடனே முறுக்கியவன். பெண்ணை வைத்து விளையாடுகிறாயே என்று யாராவது சொன்னால் ஸ்டிக்கை விட்டுவிட்டு எழுந்து நிற்பான். “அக்காவப் பத்தி இன்னொரு தபா பேசு பாக்கலாம்” என்பான். யாரும் பேசியதில்லை.

கடைசி வில்லன் வரைக்கும் போனவன் அந்தச் சந்திலேயே நான் ஒருத்தன்தான். அந்தப் பெருமையைப் பத்து வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தேன். போனேன், அவன் முகத்தைப் பார்த்தேன், கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு கடையை மூடினார்கள். நாங்கள் திருவொற்றியூருக்கு வந்தோம். நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கேஸ் கட்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். கூட்டாளி ஆட்டோ ஓட்டினான். வெட்டுகிற தகட்டில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். கோடு போட்டபின் மிச்சம் இருக்கிற இடத்தில் மண்டைக்கட்டை வரைவேன். கை அதுவாகப் போகும். ஒருமுறை கோட்டை விட்டுவிட்டு அவன் முதுகைச் சுற்றியே வெட்டிவிட்டேன். தகடு வாங்க வந்தவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இப்போது பெண் விஷயம்.

அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. முதல் இடத்தில், பையன் வாயே திறக்கவில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்கள். இரண்டாவது இடத்தில், எதையோ மறைக்கிறான் என்றார்கள். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அதையாவது பேசியிருப்பேன்.

மூன்றாவது பெரம்பூர். பெண்ணுக்கு அப்பா இல்லை. வளர்த்தது பெரியப்பா. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டையர் ஆனவர். பெண் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தது. மாடிப்படியில் இரண்டு நிமிஷம் பேசவிட்டார்கள்.

“இன்னா, பேச மாட்டீங்களா?” என்றாள்.

“பேசுவேன்.”

“எப்போ?”

யோசித்தேன். “தேவப்பட்டா” என்றேன்.

சிரித்தாள். கீழே இறங்கும்போது எனக்குப் படி தெரியவில்லை. இரண்டு படியை ஒன்றாக வைத்து இறங்கினேன். எனக்கு இந்தப் பெண்தான் வேண்டும் என்று அம்மாவிடம் பஸ்ஸில் சொன்னேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

பெண்ணும் சரி என்றுவிட்டதாகத் தகவல் வந்தது. மிச்சம் இருந்தது பெரியப்பா. “ஞாயித்துக்கெயம சாய்ங்காலம் வூடு பாக்க வரோம். பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பெண் வீட்டார் பழம், பூ, தட்டோடு மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். பிடித்திருந்தால் அங்கேயே தட்டு மாற்றிக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் ‘சொல்லி அனுப்புறோம்’ என்பார்கள். அந்த வார்த்தையை நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். யாரும் சொல்லியும் அனுப்பவில்லை.

படம் வந்தது அதே வாரத்தில்.

டோல்கேட் சிக்னலில் சினிமா போஸ்டரைப் பார்த்தேன். இங்கிலீஷ் படம், தமிழில் பேசவிட்டிருந்தார்கள். பேர் தமிழில் வேறு என்னவோ. ஆனால் ஓரத்தில் அந்தக் குறி இருந்தது. நாலாவது பெட்டியில் காசு போட்டதும் சுற்றிச் சுற்றி வருகிற அதே குறி. சைக்கிளோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் என் குடும்பத்தையே விசாரித்தான்.

நேரே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். கூட்டாளி சவாரிக்குக் காத்திருந்தான்.

“நம்ம கேமு” என்றேன்.

“இன்னா?”

“படமா வந்துகீது.”

அவன் ஆட்டோவிலிருந்து இறங்கினான். “ஆளுங்கோ வெச்சா? நெசமான ஆளுங்கோ?”

“ஆமா.”

“அக்கா கீதா?”

“தெரியல. போஸ்டர்ல எவன் மூஞ்சியும் சரியாத் தெரியல.”

“இருக்கும் மாமு. அக்கா இல்லாம எப்டி எடுப்பான்?”

வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குப் போனோம். நான் லீவு போட்டேன். கூட்டாளி ஆட்டோவைக் கழுவி, பூ வைத்து எடுத்து வந்தான். தியேட்டர் வாசலில் எங்களோடு சேர்த்து இருபது பேர் இருந்திருப்பார்கள். அதில் பாதி வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். திரையில் அந்தக் குறி சுற்றிக்கொண்டு வந்ததும் நான் விசில் அடித்தேன். வாழ்க்கையில் யார் படத்துக்கும் அடித்ததில்லை. அன்று அடித்தேன். முன்னால் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து திட்டிவிட்டுத் திரும்பப் படுத்தார்.

முதலில் ஒரு வெள்ளைக்காரன் வந்தான். நல்ல முகம், நல்ல சட்டை. அவன்தான் கதாநாயகன் என்று தெரிந்தது. அவன் கேமிலேயே கிடையாது.

“யார்ரா இவன்?” என்றான் கூட்டாளி.

“பக்கத்து வூட்டுக்காரனா இருப்பான். போவான் இரு” என்றேன்.

போகவில்லை. ஒரு பெரிய கேட்டுக்கு வந்தான். கேட்டில் காவலுக்கு ஒரு தடியன் நின்றான். கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். நெற்றியில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கொண்டவன் ஒட்டுவானே, அது. ஒரு முழம் துணிக்கு வழியில்லாமல் போய்விட்டது அந்தக் கம்பெனிக்கு. ஆனால் நிற்கிற தினுசில் எனக்குத் தெரிந்துவிட்டது. காலை அகட்டி, தோளை முன்னால் போட்டு. நான் சீட்டில் எழுந்து நின்றேன்.

“மண்டைக்கட்டு!” என்று கத்தினேன்.

அவன் தலையைக் குனிந்தான். முட்டப் போகிறான். பின்னால் இழுத்தான். அடுத்து முன்னால் தள்ள வேண்டும். என் கை தானாகச் சிவப்புப் பட்டனைத் தேடியது. அந்தக் கதாநாயகன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டான்.

எங்கள் கேமில் துப்பாக்கியே கிடையாது. எத்தனையோ ஆயிரம் சண்டை பார்த்திருக்கிறேன். ஒருத்தன் கையில் துப்பாக்கி வந்ததில்லை. மண்டைக்கட்டு கீழே விழுந்தான். அவன் மேல் கால் வைத்து அந்த ஆள் கேட்டைத் திறந்து உள்ளே போனான். தியேட்டருக்குள் வந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

நான் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எழுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இடைவேளைக்குக்கூட எழவில்லை, அவனும் சரி, நானும் சரி.

துடுப்பக்கா பிற்பாதியில் வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். மேஜையில் கம்ப்யூட்டர் தட்டினாள். துடுப்பு எங்கேயும் இல்லை.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். டீ வந்ததும் கூட்டாளி சொன்னான். “பரவால்ல மாமு. அக்கா ஆபீஸ் வேலைக்குப் பூட்ச்சு. நிழல்ல உக்காந்து சம்பாதிக்குது. நல்லா இருக்கட்டும்.”

அவனுக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. நான் அழவில்லை. அழுகிற ஆள் இல்லை. ஆனால் ஒருத்தன் செத்திருக்கிறான், யாருக்கும் தெரியவில்லை, தெருவில் பஸ் பாட்டுக்குப் போகிறது. இது சரியில்லை என்று பட்டது.

“போஸ்டர் அடிக்கணும்” என்றேன்.

“யாருக்கு?”

“அவனுக்கு.”

கூட்டாளி என்னைப் பார்த்தான். வேறு ஊர்க்காரனாக இருந்தால் சிரித்திருப்பான். இங்கே ஒருத்தன் போய்ச் சேர்ந்தால் சாயங்காலத்துக்குள் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அவனுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். கூட்டாளி டீயைக் கீழே வைத்துவிட்டு, “செய்வோம்” என்றான்.

படம் வேண்டும். சினிமாக்காரன் ஒட்டிய போஸ்டரில் அவன் இல்லை. நான் வீட்டுக்குப் போய் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தேன். கட்டு வந்துவிட்டது, தோள் வந்துவிட்டது, முகம் வரவில்லை. பெட்டிக்குள் அவன் முகம் நான்கைந்து புள்ளிதான். மூக்கு எப்படி இருந்தது என்று நினைவில்லை. எதிரில் ஷேவிங் கண்ணாடி தொங்கியது. அதைப் பார்த்து மூக்கை வரைந்தேன். பிறகு கண்ணை. பிறகு வாயை. மீசை அவனுக்குக் கிடையாது, ஆனால் மீசை இல்லாமல் அஞ்சலி போஸ்டர் நன்றாக இருக்காது என்று அதையும் போட்டேன்.

கூட்டாளி பார்த்துவிட்டு, “சூப்பரா கீது மாமு. உன்ன மாரியே கீது” என்றான்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிரஸ்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். “ஆக்சிடென்டா?” என்றார்.

“சுட்டுட்டாங்க” என்றேன்.

அதற்கு மேல் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மற்ற வேலையை ஓரம் வைத்துவிட்டு எங்கள் வேலையை முதலில் முடித்துக் கொடுத்தார். மேலே கண்ணீர் விடுகிற இரண்டு கண். நடுவில் படம். அதன் கீழே ‘மண்டைக்கட்டு அவர்கள்’ என்று பெரிய எழுத்து. அடியில் ‘ஆறாத் துயரில் இரும்பு மார்க்கெட் நண்பர்கள், திருவொற்றியூர்’. நண்பர்கள் என்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

சனிக்கிழமை காலையில் ஒட்டினோம். பகலிலேயே ஒட்டினோம். சாவு போஸ்டரை யாரும் தடுக்கமாட்டார்கள், ஏணி பிடிக்க வருவார்கள். மைதாவோடு கொஞ்சம் மரவேலைப் பசையும் கலந்து காய்ச்சியிருந்தேன், சீக்கிரம் உரியக்கூடாது என்று. ராயபுரத்தில் பழைய சந்தில் ஆரம்பித்து, டோல்கேட் சிக்னல், ஹை ரோடு முழுக்க, எங்கள் தெரு முனை ரேஷன் கடைச் சுவர் வரைக்கும். மனசு லேசாயிற்று.

பெரம்பூரிலிருந்து வருகிற வேன் டோல்கேட் சிக்னலில் நின்றுதான் வரும். அது எனக்குத் தோன்றவில்லை. என் யோசனை ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போகும்.

ஞாயிறு மாலை நாலரை மணி. அம்மா வாசல் தெளித்து, கேசரி கிண்டி வைத்திருந்தது. லாரித் தண்ணீர் வந்து இரண்டு டிரம்மும் நிறைந்திருந்தது. நான் புதுச் சட்டை போட்டு, சொல்கிற வரை வரக்கூடாது என்று உள்ளே நிறுத்தப்பட்டிருந்தேன். கூட்டாளி தின்பண்டத் தட்டுக்குக் காவலாக இருந்தான்.

ஜன்னலில் பார்த்தேன். வேன் தெரு முனையிலேயே நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள். செருப்பை வேன் பக்கத்திலேயே கழற்றினார்கள். யார் கையிலும் தட்டு இல்லை. பெரியப்பா முன்னால் வந்தார். கையில் ஆளுயர மாலை. பெரியம்மா வாயை முந்தானையால் மூடியிருந்தது. வாசலுக்கு வந்ததும் ஒரு சித்தி மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தது. “ஐயோ, மாப்ள பாக்க வந்த எடத்துல மாலையோட வரும்படி ஆச்சே…”

அம்மா கேசரித் தட்டோடு வெளியே போனது. மாலையைப் பார்த்துப் பூரித்துப்போய்விட்டது. “இன்னாத்துக்கு அண்ணே மாலையெல்லாம் இப்பவே? கல்யாணத்தன்னிக்கிப் போட்டா ஆவாதா?”

பெரியப்பா அம்மாவின் தோளைத் தொட்டார். “தைரியமா இரும்மா. நம்ம கைல இன்னா கீது.”

“நான் தைரியமாத்தானே கீறேன்?”

அவர் பெரியம்மா பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். “பாவம். இன்னும் மனசுல ஏறல.”

அப்போதுதான் நான் வெளியே வந்தேன். வரச்சொல்லவில்லை. வந்தேன்.

சித்தி பாட்டை நடுவில் நிறுத்தியது. யாரோ வீறிட்டார்கள். பெரியப்பா மட்டும் அசையவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

“கட்டு எங்க?” என்றார்.

“எந்தக் கட்டு?”

“டோல்கேட்ல தலைல கட்டோட ஒட்டிவெச்சுகீறாங்களே. கண்ணீர் அஞ்சலின்னு.”

எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு எதுவும் சீக்கிரம் விளங்காது. இது மட்டும் விளங்கியது.

“அது நான் இல்லங்க. மண்டைக்கட்டு.”

“யாரு அது? அண்ணனா, தம்பியா?”

“இல்லங்க. கேமுல வர்ற ஆளு.”

“எந்த ஊரு?”

பத்து வருஷம் பழகியிருக்கிறேன். எந்த ஊர் என்று தெரியவில்லை. “தெரியலங்க” என்றேன்.

“எப்டி செத்தாரு?”

“சுட்டுட்டாங்க. சினிமாவுல.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். கூட்டாளி எனக்கு உதவ முன்னால் வந்தான். “பெர்சு, டென்சன் ஆவாத. அது ஆளே இல்ல. பொம்ம. டிவிக்குள்ள அடிச்சிகினே இருக்கும்.”

“நீ யாருப்பா?”

“நானா? நான் துடுப்பக்கா” என்றான்.

பத்து வருஷப் பழக்கம். அவன் வாயில் அப்படித்தான் வந்தது. ஏழு பேரும் அவனுடைய மீசையைப் பார்த்தார்கள். அம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

நான் வாயைத் திறந்து முதலிலிருந்து சொன்னேன். கடை, பெட்டி, படம், போஸ்டர், மூக்குக்குக் கண்ணாடி பார்த்தது. மொத்தம் ஐந்தாறு வாக்கியம் இருக்கும். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. முடித்ததும் பெரியப்பா தொண்டையைச் செருமினார். வரப்போகிறது என்று தெரிந்தது. சொல்லி அனுப்புகிறோம். மூன்றாவது முறை. அந்த மாடிப்படிப் பெண் இனி யாருக்கோ டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அவர் கையிலிருந்த மாலையைப் பார்த்தார்.

“இத்த இன்னா பண்றது?” என்றார்.

எல்லோரும் மாலையைப் பார்த்தோம்.

“சாவுக்குன்னு சொல்லி வாங்கின மாலை. வூட்டுக்கு எடுத்துனு போவக்கூடாது. குப்பையில கடாசவும் கூடாது. சாவுக்குத்தான் போடணும்.” சுற்றிலும் பார்த்தார். “இங்க பக்கத்துல எதனா சாவு கீதா?”

கூட்டாளி தெருவில் இரண்டு பேரைக் கேட்டுவிட்டு வந்தான். “இன்னிக்கி ஒண்ணும் மாட்டலபா” என்றான்.

பெரியப்பா மாலையைக் கை மாற்றிப் பிடித்தார். ஒர்க்‌ஷாப்பில் நாற்பது வருஷம் எதையும் அதற்கான இடத்தில் வைத்துப் பழகிய மனுஷன். “அப்ப அவனுக்கே போட்டுடலாம். எங்க கீறான்?” என்றார்.

ரேஷன் கடைச் சுவருக்குப் போனோம். முன்னால் அவர், பின்னால் நான், பிறகு பெண் வீட்டார், பிறகு தெரு. கூட்டாளி ஓர் ஆணி தேடி அடித்தான். பெரியப்பா மாலையை உதறி, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டார். கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். எல்லோரும் கூப்பினார்கள். சைக்கிளில் போன ஒருத்தர் இறங்கி, கும்பிட்டுவிட்டு, “நல்ல மனுசனா?” என்று பெரியப்பாவைக் கேட்டார்.

“தெரியாதுபா. முட்டுவாராம்” என்றார்.

போஸ்டரைப் பார்த்தபடியே என்னிடம் பேசினார். “கேமுல இவன் செத்ததே இல்லியா?”

“தெனம் சாவான். காசு போட்டா எய்ந்துப்பான்.”

“இப்ப?”

“சினிமாவுல காசு போட எடம் இல்லிங்க.”

அதற்கு அவர் தலையாட்டினார். அந்த ஒரு பதில் அவருக்கு நியாயமாகப் பட்டது என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்ததும் வாசலில் நின்றார். “மாலை போட்டாச்சு. தல முயுகாம நல்ல காரியம் பேச முடியாது. ஆறு மணி வரைக்கும் நேரம் நல்லா கீது. தண்ணி கீதாம்மா?”

அம்மா எழுந்தது. இரண்டு டிரம் தண்ணீர். அடுத்த லாரி புதன்கிழமைதான். ஏழு பேரும் ஒருத்தர் பின் ஒருத்தராகத் தலை குளித்தார்கள். மாற்றுத் துணி யாரிடமும் இல்லை. அம்மா புடவைகளும் பக்கத்து வீட்டுப் புடவைகளும் போயின. பெரியப்பாவுக்கு என் லுங்கியும் வேலைச் சட்டையும்தான் இருந்தது. போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க ஓட்டை. ஒரு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

“கட்டிங்ல பொறி பட்டதா?”

“ஆமாங்க.”

“கையக் காட்டு.”

காட்டினேன். முழங்கை வரைக்கும் புள்ளி புள்ளியாகத் தழும்பு. அவர் போட்டிருந்த என் சட்டையின் கையை மடித்துத் தன் கையை நீட்டினார். அதே புள்ளிகள், பழசாகி வெளுத்தவை. இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

கேசரி சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறுக்குக் கால் மணி இருந்தது.

“தட்டெல்லாம் வேன்லயே கீது” என்றார் பெரியம்மாவிடம். “எடுத்துனு வரச் சொல்லு.”

அம்மா அழுதது. அதுவரைக்கும் அழாத அம்மா அப்போதுதான் அழுதது. தண்ணீர் போனதற்கா, தட்டு வந்ததற்கா, நான் கேட்கவில்லை. தட்டு மாற்றியதும் பெரியப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“நாளைக்கி அத்தினி போஸ்டரையும் கிழிச்சிடு.”

“சரிங்க மாமா.” என் பசையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. மூன்று நாள் ஆயிற்று, கத்தியால் சுரண்ட.

“இன்னொண்ணு. டோல்கேட்லயே வூட்டுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். பொண்ணு, நீ செத்துட்டேன்னு நெனச்சுகினு கீது. நீயே பேசிடு.” நம்பரை என் உள்ளங்கையில் எழுதினார்.

தெரு முனை போன் பூத்துக்குப் போனேன். இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். மூன்றாவது முறை அவளே எடுத்தாள்.

“நான்தான்” என்றேன்.

“செத்துட்டீங்கன்னு சொன்னாங்க.”

“இல்ல.”

“சரி” என்றாள். பிறகு, “அயுதுட்டேன் கொஞ்சம்” என்றாள். பிறகு, “அப்ப செத்தது யாரு?” என்று கேட்டாள்.

சொல்ல ஆரம்பித்தேன். மாவு மில்லில் தொடங்கினேன். பெட்டி, பட்டன், எப்படிப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும், எந்த நேரத்தில் சிவப்பை அடிக்க வேண்டும். கடைசி வில்லனை எட்டியதைச் சொன்னேன். கரண்ட் போனதையும் சொன்னேன். பூத்துக்காரர் இரண்டு முறை கண்ணாடியைத் தட்டினார். அவள் நடுவில் கேள்வி கேட்டாள், நான் பதில் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை.

போனை வைத்துவிட்டுப் பாதித் தெரு வந்தபிறகுதான் நினைவு வந்தது. தட்டு மாற்றியதை அவளிடம் சொல்லவே இல்லை. திரும்ப ஓடினேன். பூத்தைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.